நிறமும் மணமும் சுவையும் மாறாத தண்ணீர்

ஒரு துளிக்குள் ஓர் உயிரை ஒளித்து வைத்து, ஒளித்த விதத்தை வைத்தியருக்கும் முழுதாகக் காட்டாத அந்த ஏகனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். அவன் தூதர் மீது சலவாத்தும் சலாமும் உண்டாவதாக.

நான் ஓய்வு பெற்ற தாதி. கல்முனையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், பிள்ளைப்பேறு தாமதித்த தம்பதிகளைப் பார்க்கும் கிளினிக்கில் என் பணிக்காலத்தின் பிற்பகுதி கழிந்தது. இப்போது அதற்குப் பொறுப்பாக இருக்கும் நஸ்லியா சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

“மிஸ்ஸி, புதுசா ஒரு சோடி வந்தா மொதல்ல தண்ணி எங்கால வாற, வயலுக்கு எண்ணெய் அடிச்ச உடுப்பக் கழுவுறது ஆரு எண்டு கேக்கிறம்தானே. சனம் கோவிக்கிது மிஸ்ஸி. ‘புள்ள கேட்டு வந்தா இவள் தண்ணிப் பரலக் கேக்காள்’ எண்டு ஒரு மாமி நேத்து கத்திப் போட்டுப் போறா. இந்தக் கேள்வியத் தொடங்கினது நீங்களாமே. ஏன் எண்டு எழுதித் தாங்க, செவத்துல ஒட்டுறன்.”

சுவரில் ஒட்டும் அளவுக்கு அது சிறிய செய்தியன்று என்றேன். ஆனாலும் எழுதுவதென்று தீர்மானித்துவிட்டேன். தீர்மானித்ததை முடிக்காமல் விடும் வழக்கம் எனக்கில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மட்டக்களப்பில் படித்தேன். அது யுத்த காலமாகையால் எல்லாவற்றுக்கும் முன்னே காயம் கட்டத்தான் பழகினேன். பிறகு பிரசவ அறையில் பல ஆண்டுகள் நின்றேன். அங்கே பிறக்கும் ஒவ்வொரு சிசுவையும் கையில் ஏந்தும்போது, என் வாப்பா, நபியவர்கள் பிறந்த றபீஉல் அவ்வல் மாதத்து இரவுகளில் இராகமிட்டு ஓதிய புகழ்ப்பாக்களின் ஓசை எனக்குள் எழும். அந்த ஓசை இனி நின்றுபோகுமோ என்ற அச்சத்தோடுதான், குழந்தை பிறக்கும் அறையிலிருந்து குழந்தை பிறக்காதவர்களின் அறைக்கு மாற்றலாகிச் சென்றேன். அது நிற்கவில்லை. இரங்கலாக மாறியது, இரங்கல் வேண்டுதலாக மாறியது.

அந்த அறைக்கு அதிபதியாக இருந்தவர் டொக்டர் மங்களேஸ்வரி. யாழ்ப்பாணத்தவர், மெலிந்த தேகம், குரல் உயராது. அவருடைய அறைக்கென மூன்று கதிரைகள் இருந்தன. மேசைக்கு மிக அருகில் இருந்தது மனைவிக்கு. அதற்கடுத்தது கணவனுக்கு. மூன்றாவது கதிரை கதவுக்கு வெளியே இருந்தது. அதற்கு நாங்கள் ‘மாமிமார்ட கதிரை’ என்று பெயரிட்டிருந்தோம். உம்மா, மாமி, மூத்த ராத்தா என்று யார் கூட வந்தாலும் அதில் அமர வேண்டும்.

“ஆரில பிழை டொக்டர்?” என்று எவர் கேட்டாலும் அவர் பேனையைக் கீழே வைத்துவிடுவார்.

“பிழை எண்ட சொல்லை அந்தக் கதவுக்கு வெளியில வைச்சிட்டு வாங்கோ. என்ன நடக்குது எண்டு பாப்பம்.”

முதலில் ஆணின் பரிசோதனை என்பது அவரது மாறாத ஒழுங்கு. செலவு குறைவு, நோவில்லை, ஆகவே அதுவே முதலில் என்பார். எங்கள் ஆண்களை அதற்கு இணங்கச் செய்வதற்குள் பெரும்பாடு பட்டோம். மார்க்கத்தில் கூடுமா என்று ஒருவர் கேட்பார். மௌலவியிடம் நானே கேட்டு வைத்த விடையைச் சொல்வேன். சாய்ந்தமருதிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் மார்பை நிமிர்த்திச் சொன்னார்:

“டொக்டரம்மா, எங்கட வாப்பாக்குப் பத்துப் புள்ள. எனக்கா செக்?”

“அப்ப உங்கட வாப்பாவுக்குச் செக் தேவையில்லை. நீங்கள் போய்க் குடுத்திட்டு வாங்கோ.”

அவர் மனைவி முக்காட்டுக்குள் சிரித்ததை நான் கண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகவே இருந்திருக்கும்.

பெண்களுக்கு ஸ்கேன். கதவுத் தாழ்ப்பாளை நானே போடுவேன். முழங்காலுக்கு மேல் விரிப்பு. திரை அவளும் காணும்படி திருப்பப்பட்டிருக்கும். கருவி அணுகும் முன் “இப்ப டொக்டர் பாக்கப் போறாங்க மகள்” என்று வாய்விட்டுச் சொல்வேன். சொல்லாமல் தொடுவதை டொக்டர் ஒருபோதும் அனுமதித்ததில்லை. சாம்பல் நிறத் திரையில் முட்டைப்பைகள் கரிய வட்டங்களாகத் தோன்றும். ஒவ்வொன்றையும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளப்பார். அளந்தபின் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: “கூடுதான் தெரியுது. உள்ளுக்க இருக்கிற முட்டை எப்பிடி எண்டு இந்த மெசின் சொல்லாது.” அறிவின் எல்லையில் நின்று, எல்லை இதுவென்று சொல்பவரிடத்தில் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. இரசாயனத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் இரசாயனத்தின் தலையில் போடுகிறவரல்லர் டொக்டர். மருதமுனையில் வீட்டிலேயே நூலுக்குச் சாயமிடும் நெசவுக்காரி ஒருத்தி வந்தாள். நகக்கண்களெல்லாம் ஊதா. கிளினிக்கில் எல்லோரும் அந்த விரல்களைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பெழுதிவிட்டோம். டொக்டரோ மை செலுத்திக் கருக்குழாய்களை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பழைய கிருமித்தொற்று ஒன்றினால் இரண்டும் அடைபட்டிருந்தன. சாயம் குற்றவாளியன்று. “ஆனாலும் கையுறை போடுங்கோ” என்று அவளுக்குச் சொன்னார். எக்ஸ்ரே படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அதுவே போதுமானதாயிற்று.

இனி றிஸ்னாவின் விடயம்.

நிந்தவூர்ப் பெண், முப்பதை எட்டாத வயது. எங்கள் வழக்கப்படி வாப்பாவின் வளவிலேயே சீதன வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவன் ஜௌபர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். இறக்காமம் பக்கத்தில் வயல். இரண்டு போகமும் வேளாண்மை. அவனுடைய பரிசோதனை சரியாகவே இருந்தது. அவளது குழாய்கள் திறந்திருந்தன. கொழும்பில் ஒரு தனியார் நிலையத்துக்கும் சென்று வந்திருந்தார்கள். ஊசிகள் போட்டு, முட்டைகளை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்ததைவிட மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலானவை முதிராதவை. கருக்கட்டிய ஒன்றிரண்டும் வளராமல் நின்றுவிட்டன. இந்த வயதுக்குரிய முட்டைகளாக இவை இல்லை என்று அங்குள்ள வைத்தியர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நெருக்கடி. ஜௌபரின் உம்மா ஹாஜறா, பெரும்போக அறுவடை முடியும்வரை பொறுப்பதாகவும், அதற்குள் ஒரு நற்செய்தி இல்லையென்றால் மகனுக்கு இரண்டாவது நிக்காஹ் பேசுவதாகவும் சொல்லிவிட்டார். பெண்ணும் பார்த்தாயிற்று. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டால், முதல் வீட்டில் எஞ்சுவது சுவர்கள் மட்டுமே.

டொக்டர் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கினார். தைரொயிட் இல்லை. சத்திரசிகிச்சை எதுவும் இல்லை. குடும்பத்தில் எவருக்கும் மாதவிடாய் முந்தி நின்றதில்லை. நிறமூர்த்தம் என்னும் குரோமோசோம்களின் பரிசோதனையும் சரி. எல்லாம் முடிந்தபின் ஜௌபரைப் பார்த்தார்.

“வயலுக்கு மருந்தடிக்கிறது ஆர்?”

“நான்தான் டொக்டர்.” எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்தும் களைமருந்தும் தெளிப்பதை எண்ணெய் அடித்தல் என்போம். “எண்ணெய் அடிக்கிறதுக்கு நான் ஆள் புடிக்கிறல்ல.”

“அடிச்ச உடுப்பு?”

“இவள்தான் கழுவுறா.”

“எப்பிடி, பிள்ளை?”

“வாளியில ஊறப் போட்டு, காலால மிதிச்சி” என்றாள் றிஸ்னா. “சாரன் மொத்தமான துணிதானே. கையால கசக்க ஏலா.”

டொக்டர் ஒரு கடதாசியை எடுத்தார். ஒரு முட்டையையும் அதைச் சூழ்ந்து ஊட்டும் சிறு உயிரணுக்களையும் பென்சிலால் வரைந்தார். இந்த மாதம் முதிரும் முட்டை இந்த மாதம் வளரத் தொடங்கியதன்று. சில மாதங்களாகவே அது இரத்தத்திலிருந்து உண்டு வளர்கிறது. உண்பதில் நஞ்சு கலந்திருந்தால் இந்தச் சிறு உயிரணுக்கள் நலிகின்றன. முட்டை முதிரத் தவறுகிறது. முதிர்ந்தாலும் உள்ளே நிறமூர்த்தங்கள் சரியாகப் பிரிவதில்லை. சில பூச்சிமருந்துகளும் பிளாஸ்டிக்கிலிருந்து கசிபவையும் உடலின் சுரப்புகளைப் போல வேடமிட்டு, கட்டளைகளைக் குழப்புகின்றன. இவ்வளவும் ஆய்வுகளில் கண்டது. “உங்களுக்கு இதுதான் நடந்தது எண்டு என்னால நிரூபிக்கேலாது” என்று அவர் முடித்தார். “ஆனா தவிர்க்கக்கூடியதைத் தவிர்த்து, சில மாசம் பொறுத்து, புது முட்டை வளர இடங்குடுத்துப் பாப்பம்.”

கதவு திறந்தது. மூன்றாவது கதிரையிலிருந்து ஹாஜறா உள்ளே வந்து நின்றார்.

“நல்ல கதை டொக்டரம்மா! ஊருல எல்லாரும்தான் எண்ணெய் அடிக்காங்க. அவங்கட பொண்டாட்டிமார் பெறல்லியா? என்ட புருசனும் அடிச்சவருதான், நான் ஆறு பெத்தன்.”

“எல்லாரும் மழையில நனையினம் அம்மா. காய்ச்சல் எல்லாருக்கும் வாறதில்லை. வந்த ஆளை இனியும் நனைய விடுறதோ?”

“அறுவடை மட்டும்தான் பொறுப்பன்” என்றார் ஹாஜறா. “அதுக்கங்கால என்னால ஏலா.”

அவர் கொடியவரல்லர். தன் குலம் அறுந்துவிடுமோ என்று அஞ்சிய தாய். அச்சம் கொண்டவரிடம் கோபிப்பதால் பயனில்லை. காலத்தைப் பயன்படுத்துவதே வழி.

அடுத்த விடுமுறை நாளில், மருந்து வேறெங்கும் கலக்கிறதா என்று வீட்டைப் பார்க்க, றிஸ்னாவின் அழைப்பின் பேரில், நிந்தவூருக்குப் பஸ் ஏறினேன். அவளுடைய வாப்பா உதுமாலெவ்வை ஹாஜியார் வாசலிலேயே வரவேற்றார். ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்கும் மனிதர். வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டினார். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். சமையலுக்கும் குடிப்பதற்கும் குழாய்த் தண்ணீர். முன்வளவில் கிணறு. பின்புறம், குளியலறைச் சுவருக்கு மேல், ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பா; எங்கள் பேச்சில் பரல். கிணற்றுநீரை மோட்டரால் அதில் ஏற்றி, கீழே குழாய் பொருத்தியிருந்தார். குளிப்பதற்கும், தொழுகைக்கு முன் வுழூச் செய்வதற்கும் அதுவே. அருகில் ஆணியில் ஜௌபரின் தெளிகருவி தொங்கியது. அதைக் கழுவுவதும் மருந்து கலப்பதும் அதே குழாயடியில்.

“இந்தப் பரல் எங்கால ஹாஜியார்?”

“மருமகன்தான் கொண்டு வந்த. எண்ணெய் மொத்தமா வாற பரல். வெயிலுக்கு வெடிச்சாப் புதுசு கொண்டு வருவாரு. பயப்படாதீங்க மிஸ்ஸி, மண் போட்டுத் தேச்சி, சவுக்காரம் போட்டுக் கழுவி, நானே பாத்துத்தான் ஏத்தின. நெறம் மாறல்ல, மணம் இல்ல, ருசி மாறல்ல. வுழூவுக்கு ஏத்த தண்ணி. கிதாபுல உள்ளபடி பாத்தன்.”

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் நீர் தூயதா என்று அறிய எங்களுக்கு ஒரு விதி உண்டு. அதன் நிறமோ மணமோ சுவையோ அசுத்தத்தால் மாறியிருக்கக் கூடாது. உதுமாலெவ்வை அந்த விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர். களைமருந்து பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயே ஊறிக்கிடந்து, வெயில் ஏற ஏற நீரில் கசியும் என்பதையும், அப்படிக் கசிவது நாவுக்கும் மூக்குக்கும் புலப்படாது என்பதையும் அந்த விதி சொல்வதற்காக வகுக்கப்படவில்லை. றிஸ்னா தினமும் ஐந்து வேளை அந்த நீரால் வாய் கொப்பளித்தாள், நாசிக்குச் செலுத்தினாள், முகமும் கைகளும் பாதங்களும் கழுவினாள். அவளது பக்தியின் வழியாகவே அது அவளுக்குள் சென்றது.

நான் அதைச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது.

“தண்ணிய டெஸ்டுக்கு அனுப்புங்க. கெட்டதெண்டு வரட்டும், கழட்டுறன்.”

“எந்த மருந்து எண்டு தெரியாம என்னத்தத் தேடச் சொல்ற ஹாஜியார்? பரலுல ஒட்டியிருந்த பேரும் கிழிஞ்சி போச்சி.”

அவர் பீப்பாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப நாங்க இத்தின வருசம் தொழுத தொழுகை? எல்லாம் வீணாமா?”

அப்போதுதான் அவர் எதற்குப் போராடுகிறார் என்பது எனக்கு விளங்கியது. பீப்பாவுக்காக அன்று, நெற்றியை நிலத்தில் பதித்த தன் ஸுஜூதுகளுக்காக. அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று ஒரு கணம் தயங்கினேன். தயங்கியும் சொன்னேன்.

“ஒங்கட தொழுகைக்கு ஒண்டும் ஆகல்ல. நீங்க ஒங்களுக்குத் தெரிஞ்ச விதியால பாத்தீங்க, அல்லாஹ் அதத்தான் பாப்பான். ஆனா அந்த விதி தொழுகைக்கு நிக்கிறதுக்கு. நஞ்ச அறியிறதுக்கில்ல. ஒடம்பு அல்லாஹ் நம்பித் தந்த அமானிதம் ஹாஜியார். ஒங்கட மகள்ட ஒடம்பும் ஒங்கள்ட தந்த அமானிதம்தானே.”

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பழக்கத்தால் எழுந்தார், பின்புறம் நடந்தார், குழாயில் கை வைத்தார். திறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி முன்புறக் கிணற்றடிக்கு வந்து, வாளியால் அள்ளி வுழூச் செய்தார். பள்ளியிலிருந்து திரும்பியதும் ஜௌபரைக் கூப்பிட்டார்.

“மருமகன், இதக் கழட்டுங்க. வாளால அறுத்துப் போடுங்க. இன்னொரு ஊட்டுக்காரன் எடுத்துத் தண்ணி வெக்காத மாதிரி.”

இருவரும் அறுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கிளினிக்கில் நடந்த எந்தச் சிகிச்சையையும்விட அது எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

உடுப்பு விடயம் எஞ்சியிருந்தது. இனிமேல் எண்ணெய் அடிக்கக் கூலிக்கு ஆள் பிடிப்பதாக ஜௌபர் சொன்னான். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த றிஸ்னா கேட்டாள்:

“கூலிக்கு அடிக்கிறவன்ட உடுப்ப ஆரு கழுவுற?”

அவளே தொடர்ந்தாள்.

“அவன்ட பொண்டாட்டிக்கும் முட்டதானே இரிக்கி. அந்தப் பாவம் எனக்கு வாணா. நீங்களே அடிங்க. குறைச்சி அடிங்க, கையுறை போட்டு அடிங்க. உடுப்ப வயல் வாடியிலயே நீங்களே கழுவிக் காய வையுங்க. எண்ணெயோட ஊட்டுக்கு வரப்படாது.”

அந்தப் பெரும்போகம் அப்படியே நடந்தது. வரம்பு வெட்டிய களிமண்ணோடு வரலாம்; எண்ணெயோடு வரக்கூடாது. தெளிகருவி வயலிலுள்ள வாடிக் குடிசையில் பூட்டி வைக்கப்பட்டது. களை மிகுந்த இடங்களில் ஜௌபர் இறங்கிக் கையால் பிடுங்கினான். அயல் வயல்காரர்கள் “என்ன மச்சான், பொண்டாட்டி எண்ணெயத் தடை பண்ணிட்டாவா?” என்று கேலி செய்தார்கள். “ஓம், ஒனக்கும் பண்ணச் சொல்லவா?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறான்.

அறுவடை முடிந்தது. நற்செய்தி வரவில்லை. கிளினிக் நாளில் ஹாஜறாவும் வந்தார், கதிரையில் அமரவில்லை. தாழ்வாரத்தில், என் காதில் விழும்படியே, மகனிடம் சொன்னார்:

“பொறுத்தது போதும். வெள்ளிக்கிழம கலியாணப் பேச்சுக்கால் வெக்கிறம்.”

ஜௌபர் அதிகம் கதைக்கிறவன் அல்லன். நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: “உம்மா, எண்ணெய் கொண்டு வந்தவன் நான். பரல் கொண்டு வந்தவன் நான். மிதிச்சிக் கழுவினது மட்டும்தான் அவள். இப்ப எனக்கு மாப்பிள்ளக் கோலம், அவளுக்குத் தலாக்கில்லாத தனிமயா? மறுமையில இதக் கேட்டா நான் என்னத்தச் சொல்ற?”

“அப்ப எனக்குப் பேரப்புள்ள?”

“தந்தா அல்லாஹ் தருவான். தராட்டி நானும் அவளும் இரிப்பம்.”

ஹாஜறா மூன்றாவது கதிரையில் அமர்ந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டொக்டர் மங்களேஸ்வரி எழுந்து வந்து, அந்தக் கதிரையைத் தம் கையாலேயே அறைக்குள் இழுத்து வைத்தார். அன்று முதன்முறையாக அங்கே மூவர் அமர்ந்தார்கள்.

சிறுபோகத்தின் இடையில் அவர்கள் மீண்டும் கொழும்புக்குப் போனார்கள். அதே ஊசிகள், அதே முறை. இம்முறை முதிர்ந்த முட்டைகள் கிடைத்தன, அதிகமில்லை, போதுமானவை. ஒன்று வளர்ந்தது, தங்கியது, பிறந்தது. பெண்குழந்தை.

செய்தியோடு நான் டொக்டரிடம் ஓடினேன். பரலைக் கழற்றியதன் பலன் என்றேன். அவர் மறுத்தார்.

“தண்ணியோ, உடுப்போ, இல்லாட்டி ரெண்டாந்தரம் அதிர்ஷ்டமோ, எனக்குத் தெரியாது மிஸ்ஸி. தெரியாததைத் தெரியும் எண்டு எழுத மாட்டன். ஆனா நாளையில இருந்து வாற ஒவ்வொரு சோடியிட்டையும் தண்ணி எங்கால எண்டு கேளுங்கோ. கேக்கிறதால ஆருக்கும் நட்டமில்லை.”

நஸ்லியா, உன் கேள்விக்குரிய விடை இதுவே. சனம் கோவித்தால் கோவிக்கட்டும், கேட்பதை விடாதே.

பிள்ளையைப் பார்க்க நிந்தவூருக்குப் போனேன். தொட்டிலருகே றிஸ்னா இருந்தாள். அவளுக்கு ஓர் உண்மையைச் சொன்னேன். பெண்குழந்தை தன் வாழ்நாளுக்குரிய முட்டைகள் அனைத்தையும் உம்மாவின் வயிற்றிலேயே பெற்றுக்கொண்டு பிறக்கிறது. பிறகு புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. படைத்தவன் பேரப்பிள்ளைகளின் விதையையும் இப்போதே இந்தக் கைப்பிடியளவு உடலுக்குள் வைத்து முத்திரையிட்டிருக்கிறான். அவள் தூங்கும் பிள்ளையின் வயிற்றின் மேல் மெல்லக் கை வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் இருந்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜௌபர் பிள்ளையைத் தூக்கும் ஆவலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறினான்.

“அங்கயே நில்லுங்க!” என்றாள் றிஸ்னா. “எங்கால வாறீங்க?”

“வயல்ல இருந்துதான். எண்ணெய் அடிக்கல்ல புள்ள, சும்மா வரம்பு பாக்கத்தான் போன.”

“பக்கத்து வயல்ல?”

அவன் விழித்தான். “அங்க... காலையில அடிச்சாங்க.”

“போய்க் கிணத்தடியில குளிச்சி, உடுப்பு மாத்திட்டு வாங்க. மறுகா தூக்கலாம்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்குத் துணை போகவில்லை. படியிலிருந்து பின்வாங்கி, கைகளை உயர்த்திக்கொண்டு, கிணற்றடிக்கு நடந்தான்.